பூகோளப் புத்தகத்தில் மூன்று வரிகள்

சிந்து தேசத்தாரைப் பற்றி உம்முடைய பூகோளப் புத்தகத்தில் நீர் எழுதியிருப்பது பொய், சாரே. தெரியாமல் செய்த பிழை இல்லை. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, உம்முடைய வாயாலேயே எங்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் எழுதிய பொய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சாரின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் பத்திரிகைக்காரர் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார். திருவனந்தபுரத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் பூகோள சார் யாரென்று சொல்லும். நானும் எழுதிப் பழகினவன் இல்லை, சாப்பாட்டுக் கடையில் பரிமாறிப் பழகினவன். ஒன்றைச் சொல்லும்போது வேறொன்று ஞாபகம் வரும், அதையும் சொல்லிவிட்டுத்தான் திரும்பி வருவேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் என் மகள் சரசுவுக்குப் பிறந்தநாள். வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. பக்கத்து வீட்டு லீலாவையும் கூப்பிட்டிருந்தாள். லீலாவின் குடும்பம் சிந்திக் குடும்பம். தேசம் இரண்டானபோது கராச்சியிலிருந்து கப்பலேறிப் பம்பாய்க்கு வந்து, அங்கே முகாமில் கிடந்து, சொந்தக்காரர் ஒருவர் சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு இங்கே வந்து சேர்ந்தவர்கள். இரண்டு பெண்களுக்கும் ஒரே வயது. லீலா மலையாளப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், சரசுவிடமிருந்து தமிழ் பிடித்துக்கொண்டாள், இரண்டையும் தன் பாஷையோடு குழைத்து ஒன்று பேசுகிறாள். எங்கள் தெருவில் அது எல்லோருக்கும் புரிகிறது.

இலையில் முதலில் உப்பு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இடது மூலையில் ஒரு சிட்டிகை. அப்புறம்தான் மற்றதெல்லாம். பரிமாறியே வளர்ந்த கண் எனக்கு, இலையில் ஒன்று குறைந்தால் உடனே உறுத்தும். லீலாவின் இலையில் உப்பு இல்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்து உப்பு மரவையை எடுத்துக்கொண்டு போனேன். சரசு என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"அப்பா, அவளுக்கு உப்பு வேண்டாம். அவளுக்குள்ளதெல்லாம் அம்மா தனியா எடுத்து வெச்சிருக்கா. பருப்பு, பொரியல், கூட்டு, எதிலயும் உப்பு போடல்லை."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. அவா ஆளுகள் உப்பு கூட்டமாட்டாங்க. பூகோளப் புஸ்தகத்திலே உண்டு."

நான் லீலாவைப் பார்த்தேன். அந்தப் பெண் முக்கால் இலையைச் சாப்பிட்டு முடித்திருந்தது. உப்பில்லாத கூட்டு, உப்பில்லாத பருப்பு. முகம் கோணாமல் தின்றிருக்கிறது.

"ஏம்மா, நீயாவது கேட்கக் கூடாதா?" என்றேன்.

"நான் நினைச்சு சாச்சா, மதறாஸி வீட்டிலே பிறந்தநாள் சோறு இப்படித்தான்னு. கேட்டா ஆண்ட்டிக்கு விஷமம் ஆகும்." மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம்.

என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் இரண்டும் சிரித்து உருண்டன. நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதான். வேறு இலை போட்டு, எல்லாம் திரும்பப் பரிமாறினோம். சாப்பிட்டு முடிந்ததும் லீலா, அந்தப் புஸ்தகத்தைக் காட்டு, எங்களைப் பற்றி இன்னும் என்ன உண்டு என்றாள். சரசு எடுத்து வந்து சத்தமாகப் படித்தாள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்ததால் பார்க்காமலே சொன்னாள் என்று சொல்வதுதான் சரி.

"சிந்து தேசத்தார் உணவில் உப்புச் சேர்ப்பதில்லை. வெறுந்தரையில் உறங்குவர். நகைத்தல் அவர்களிடம் அரிது."

மூன்றாவது வரிக்கு அர்த்தம் கேட்டாள் லீலா. சரசு சொன்னாள். லீலா என்னைப் பார்த்தாள். சற்று முன் சிரித்த சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"சாச்சா, எங்க ஆளுங்க சிரிக்காதுன்னு யார் கண்டது?"

இதுதான் கேள்வி. எனக்குப் பதில் தெரியும். கண்டவர் யார், எதைக் கண்டார், எந்த இடத்தில் உட்கார்ந்து கண்டார் என்று எல்லாம் தெரியும். ஏனென்றால் அவருக்குப் பரிமாறினவன் நான்.

என் சித்தப்பா காப்பி கிளப்பு வைத்திருந்தது தம்பானூரில். ரயில் நிலையம் அங்கே வந்த புதிது. கீழே சாப்பாடு, மேலே தங்குவதற்கு அறைகள். எனக்கு மீசை கறுத்த வயது. பரிமாறுவது, மேல் அறைகளைப் பார்த்துக்கொள்வது, வடக்கத்தி ஆட்கள் வந்தால் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. பேசுவது என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஹிந்துஸ்தானி சாப்பாட்டு ஹிந்துஸ்தானி. பானி, சாவல், தால், கரம், டண்டா, போதும் என்பதற்கு பஸ். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனைப் பட்டினி கிடக்காமல் காப்பாற்றலாம். துக்கம் விசாரிக்க முடியாது.

தண்டவாளம் முடிகிற ஊர் என்பதால் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து எங்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள், சாலையில் வியாபாரத்துக்கு வந்தவர்கள், நாடகக் கம்பெனிக்காரர்கள், சர்க்கஸ்காரர்கள். ஒரு தடவை காஷ்மீரத்து ஆள் ஒருவர் கம்பளிச் சால்வை மூட்டையோடு நடுச்சித்திரையில் வந்து இறங்கினார். அந்த வேக்காட்டில் சால்வை. சித்தப்பா அவரையும் மூட்டையையும் பார்த்துவிட்டு, "இவனுக்கு முதல்லே மோர் குடுலே, பொறவு ஊரைப் பத்தி எடுத்துச் சொல்லு" என்றார். அந்த ஆள் மோர் குடித்துவிட்டு, ஊரெல்லாம் சுற்றி, ஒரு சால்வைகூட விற்காமல், ஆனால் சந்தோஷமாகத் திரும்பிப் போனார். எதற்குச் சந்தோஷம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சார் மேல் அறையில் நிரந்தரமாகத் தங்கியிருந்தவர். நாகர்கோவில்காரர், குடும்பம் ஊரில். சாலைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை. அறைச் சுவர் முழுக்க ஒரு பெரிய இந்தியா தேசப்படம். அதில் அவர் விரல் போகாத ஊர் கிடையாது, கால் போனது திருநெல்வேலி வரை, அதுவும் தங்கை கல்யாணத்துக்கு. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் எங்கேயும் போனவன் இல்லை. அவர் கலகலப்பான மனிதர். பந்தியில் அவர் உட்கார்ந்தால் சத்தம் நாலு அறைக்குக் கேட்கும். புதிதாக வந்த ஆள் எதிரே உட்கார்ந்தால் இங்கிலீஷில் ஆரம்பிப்பார், என்ன தின்பீர்கள், என்ன உடுப்பீர்கள், மழை எப்போது. அந்தச் சமயம்தான் பூகோளப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாகாணத்தாருக்கும் சில வரிகள். அந்த வரிகள் எங்கள் பந்தியிலிருந்து போனவை.

பஞ்சாபியர் பால் மிகுதியாகக் குடிப்பர் என்று புத்தகத்தில் இருக்கிறதே, அது கிரிக்கெட்டு மட்டை விற்க வந்த ஓர் ஆள். அவருக்கு வயிற்றில் புண், டாக்டர் பால் மட்டும் குடிக்கச் சொல்லியிருந்தார். மராட்டியர் எளிதில் சினம் கொள்வர் என்று இருக்கிறதே, அது நாடகக் கம்பெனி ஆர்மோனியக்காரர். செங்கோட்டையில் அவருடைய பெட்டியை ரயில்காரர்கள் வேறு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நீங்களாக இருந்தாலும் சினம் கொண்டிருப்பீர்கள். வங்காளத்தார் மீன் பிரியர் என்பது மட்டும் பொய்யில்லை. இன்ஷூரன்ஸ் வேலையாக வந்து மாதக்கணக்கில் தங்கியிருந்த வங்காளி பாபு, எங்கள் சைவக் கடையில் உட்கார்ந்துகொண்டு தினமும் ஒரு தடவை மீனைப் பற்றிப் பேசாமல் எழுந்திருக்கமாட்டார். சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் மீன் என்று தெரிந்துவிடும். பாபுவின் முகம் அப்படி ஆகும்.

இதெல்லாம் அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. எழுதியதைச் சார் சாப்பிடும்போது படித்துக் காட்டுவார், நாங்கள் சிரிப்போம்.

தாராசந்த் சேட்டு வந்தது ஒரு மழை நாளில். சிந்துவில் சிக்கார்பூர் என்று ஊர். உயரமான ஆள், நீளக் கோட்டு, தலையில் தொப்பி, கையில் துணியால் வாய் கட்டிய பித்தளைச் செம்பு. அவர் படுக்கைச் சுருளை நான்தான் மேலே தூக்கிப் போனேன். பிரித்தபோது காய்ந்த மல்லியும் என்னவோ எண்ணெயும் கலந்த ஒரு வாசனை. லீலா வீட்டு ஜன்னல் திறந்தால் இப்போதும் அந்த வாசனை வருகிறது. அமாவாசைக்குக் குமரி போக வேண்டும், அதுவரை தங்குகிறேன் என்று வார்த்தை பாதி, கை பாதியாகச் சொன்னார். செம்பைத் தரையில் வைக்கவில்லை. ஜன்னல் கம்பியில் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார்.

சித்தப்பா அதைப் பார்த்தார். வடக்கேயிருந்து வருகிறவர்கள் கங்கைத் தண்ணீரை இப்படி வாய் கட்டிக் கொண்டுவருவது உண்டு. அவ்வளவுதான், தினமும் காலையில் குளித்துவிட்டு மாடியேறி, சேட்டின் அறை வாசலில் நின்று, செம்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். சேட்டு உடனே எழுந்து நிற்பார்.

முதல் நாள் பந்தியில் உப்பு வைத்தேன். சேட்டு அதை விரல் நுனியால் ஒதுக்கி இலைக்கு வெளியே தள்ளினார். மறுநாளும் அப்படியே. சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நம்ம உப்பை வேண்டாங்கானே. நாம என்னலே செஞ்சோம் அவனுக்கு?" என்று என்னைக் கேட்டார். குழம்பு, ரசம் எதையும் தொடவில்லை. வெறும் சோறு, பால், உப்பில்லாமல் வேகவைத்த பருப்பு. மெத்தையைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுத் தரையில் படுத்தார். அதிகம் பேசவில்லை. நாலாம் பந்திக்கு மேல் நான் அவர் இலையில் உப்பு வைப்பதையே விட்டுவிட்டேன், கை தானாகத் தாண்டிப் போகும்.

எதிரே உட்கார்ந்து சார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தீரா வே? உப்பே கிடையாது. கட்டில் கிடையாது. பாலைவனத்து ஆளுக, அப்படித்தான் பழகியிருப்பானுக" என்றார். அன்றைக்கே எழுதியும் விட்டார். இதுவரைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதுவரைக்கும் அது தப்பு. யாரும் செய்யக்கூடிய தப்பு. சித்தப்பா ஒரு தப்பு, சார் ஒரு தப்பு, நான் இரண்டையும் தலையாட்டிக் கேட்ட தப்பு.

அமாவாசை முடிந்து சேட்டு குமரியிலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்தார். கையில் செம்பு இல்லை. குளித்துவிட்டுப் பந்திக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் வங்காளி பாபு, எதிரே சார். நான் வழக்கம்போல அவர் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனேன்.

"பாயீ" என்று கூப்பிட்டார். திரும்பினேன். இலையின் இடது மூலையை விரலால் தட்டினார். "நமக்."

எனக்கு விளங்கவில்லை. மறுபடி தட்டினார். உப்பு வைத்தேன். போதாது என்று இன்னும் கேட்டார். வைத்தேன். அதை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பந்தியே சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

அப்புறம் குழம்பு கேட்டார். ரசம் கேட்டார். ரசம்தான் வினையாகிவிட்டது. தெற்கத்தி ஆள் சோற்றில் குழி பண்ணி ரசம் வாங்குவான், அவருக்கு அது யார் சொல்லிக் கொடுத்தது? சோற்றைப் பரப்பி வைத்திருந்தார், நானும் தாராளமாக ஊற்றிவிட்டேன். அது இலையில் நாலு பக்கமும் ஓட ஆரம்பித்தது. இந்தப் பக்கம் கையால் அணை போட்டார், அந்தப் பக்கம் ஓடியது. அந்தப் பக்கம் போட்டார், மடியில் இறங்கப் பார்த்தது. பாபு வங்காளத்தில் யோசனை சொல்லுகிறார், கடைசியில் உட்கார்ந்திருந்த தெலுங்குக்காரர் தெலுங்கில் சொல்லுகிறார், சித்தப்பா, "சோத்தைத் தள்ளும் சேட்டு, சோத்தைத் தள்ளும்" என்று கத்துகிறார். சேட்டு இரண்டு கையாலும் ரசத்தை மறித்துக்கொண்டே சிரித்தார். உடம்பு குலுங்கிச் சிரித்தார். தொப்பி சரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பந்தி மொத்தமும் சிரித்தது. சார்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு யாரும் எழுந்து போகவில்லை. அவரிடம் எதையாவது கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் இருந்தது. பாபு கேட்டார். சேட்டு ஹிந்துஸ்தானியில் சொன்னார், பாபு அதை இங்கிலீஷில் சொன்னார், சார் அதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார். மூன்று பாஷை கடந்து வந்த கதை இது. கடைசிப் பாஷை சாருடைய வாயிலிருந்து வந்தது.

சேட்டுக்கு ஒரே பெண். கோபி என்று பெயர். நம் பக்கத்தில் அது ஆண் பெயர், அங்கே பெண்ணுக்கு வைப்பார்களாம். பள்ளிக்கூடத்தில் தேசப்படம் மாட்டியிருந்தார்கள். படத்தின் கீழ் முனையில் விரலை வைத்து, இதற்கப்புறம் என்ன இருக்கிறது என்று வாத்தியாரைக் கேட்டிருக்கிறாள். கடல் என்றார். அது எப்படி இருக்கும் என்றாள். அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். காய்ச்சலில் போய்விட்டாள்.

அவர்கள் வழக்கப்படி அஸ்தியைக் கங்கையில் கரைக்க வேண்டும். சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். இவர் கேட்கவில்லை. படத்தின் அடி முனைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அங்கே சேர்க்கிறவரை உப்புத் தின்பதில்லை, கட்டிலில் படுப்பதில்லை என்று சங்கல்பம்.

"அது அவா ஊர்ப் பழக்கம் இல்லை வே. இவர் தானே எடுத்துக்கிட்டது" என்று சார் எங்களுக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. என் காதால் கேட்டேன்.

அப்போதுதான் சித்தப்பாவுக்கு, தான் தினமும் கும்பிட்டது கங்கைத் தண்ணீர் இல்லை என்று உறைத்தது. ஆசாரம் பார்க்கிற மனிதர். சாவுத் தீட்டு வீட்டுக்குள் வந்தால் கிணற்றடிக்கு ஓடுகிறவர். அதற்குப் பயந்துதான் சேட்டு வாயே திறக்கவில்லை. அறை கிடைக்காதே. இப்போது சித்தப்பா என்ன செய்யப்போகிறார் என்று எல்லோரும் பார்த்தோம்.

"கும்பிட்டது கும்பிட்டதுதான்" என்றார். "அதும் ஒரு பிள்ளைதானே." அப்புறம் உள்ளே போய்விட்டார்.

குமரியில் கிளிஞ்சலில் போட்டுப் பல நிற மணல் விற்பார்கள். சேட்டு அதை ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தார். கோபியின் வகுப்பில் படித்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுக்க வேண்டும், வாத்தியாருக்கும் காட்ட வேண்டும் என்றார். சார் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று பாபு சொன்னதும், பையைத் திறந்து ஒரு கிளிஞ்சல் நிறைய அள்ளி அவர் கையில் கொடுத்தார். உங்கள் பிள்ளைகளுக்கும் என்றார். சார் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

சேட்டு மறுநாள் ரயிலேறிவிட்டார். சார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த ரெண்டு வரியை அடிச்சிடணும் வே. பாவம்."

நான் நம்பினேன். அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. கிளப்புக்கு ஒரு பிரதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். புரட்டிப் பார்த்தேன். உப்புச் சேர்ப்பதில்லை, வெறுந்தரையில் உறங்குவர். இரண்டு வரியும் அப்படியே.

"என்ன சார் இது?"

"அச்சுக்காரன் விட்டுட்டான் வே. அடுத்த பதிப்பிலே பாத்துக்கிடலாம்."

சரி, அச்சுக்காரன் விட்டிருக்கலாம். அடுத்த பதிப்பு வந்தது. பார்த்தேன். இப்போது மூன்று வரி. நகைத்தல் அவர்களிடம் அரிது. உடம்பு குலுங்கிச் சிரித்த மனிதனை எதிரே உட்கார்ந்து பார்த்தவர், அவரோடு சேர்ந்து சிரித்தவர், எழுதின வரி அது. நான் மாடியேறிப் போய்க் கேட்டேன். அவர் தேசப்படத்துக்கு முன்னால் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"மத்த மாகாணத்துக்கெல்லாம் மூணு மூணு குறிப்பு இருக்கு. இதுக்கு ரெண்டுதான் இருந்தது. மூணு இருந்தாத்தான் வே மூணு மார்க் கேள்வி போட முடியும்."

"நீங்க பாத்தீங்களே சார், அவர் சிரிச்சதை."

"ஒருத்தன் சிரிச்சா தேசம் சிரிச்சதா ஆயிடுமா?"

ஒருத்தன் உப்பைத் தள்ளினால் தேசம் தள்ளினதாக ஆகுமாம், ஒருத்தன் சிரித்தால் ஆகாதாம். இதை அப்போது கேட்கத் தெரியவில்லை. மாடிப்படி இறங்கும்போதுதான் வாயில் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான், புத்தி படியில்தான் வரும். இத்தனை வருஷம் கழித்து இங்கே கேட்டுவிட்டேன்.

எனக்கும் சிந்து தெரியாது. அங்கே உள்ளவர்கள் எப்படி என்று என்னைக் கேட்டால் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரு ஆள். அவருக்கு ரசம் பிடித்திருந்தது. அவ்வளவுதான் நான் எழுதியிருப்பேன்.

கிளப்பு இப்போது இல்லை. சித்தப்பா போன பிறகு கட்டிடக்காரர் திருப்பி வாங்கிக்கொண்டார். இன்று அங்கே சைக்கிள் கடை. நான் சாலையில் சின்னதாகக் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வங்காளி பாபு மாற்றலாகிப் போனவர், மீனுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருப்பார். ஒரே பந்தியில் அத்தனை பாஷையும் உட்கார்ந்து ஒரு மனிதனுக்கு ரசத்தை எப்படி மறிப்பது என்று சொல்லிக் கொடுத்தது எல்லாம் போயிற்று. இப்போது வடக்கத்தி ஆட்களுக்கு வடக்கத்தி ஓட்டல் வந்துவிட்டது, அவரவர் அவரவர் இடத்தில் சாப்பிடுகிறார்கள். யாருடைய இலையையும் யாரும் பார்ப்பதில்லை. சேட்டு இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று தெரியாது. சிக்கார்பூர் இப்போது வேறு தேசம். கோபியின் வகுப்பில் மணல் வாங்கின பிள்ளைகள் எந்தக் கப்பலில் எந்தக் கரைக்குப் போனார்களோ.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த புதிய பதிப்பைச் சரசுவிடம் வாங்கி முழுதாகப் பார்த்தேன். படத்தில் கோடு மாறியிருக்கிறது. சிந்து அந்தப் பக்கம் போய்விட்டது. கோடு சுத்தமாக, நேர்த்தியாகப் போட்டிருக்கிறது. ஆக, திருத்துவதற்கு சாருக்கு நேரம் இருந்திருக்கிறது. அச்சுக்காரனும் எதையும் விட்டுவிடவில்லை. அந்த மூன்று வரியை மட்டும் மாகாணங்களிலிருந்து எடுத்து, நம் நாட்டில் குடியேறியோர் என்று புதிதாக ஒரு தலைப்புப் போட்டு, அதன் கீழே கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஊர் போய்விட்டது. வீடு போய்விட்டது. அவர்கள் சிரிக்கமாட்டார்கள் என்பதை மட்டும் பத்திரமாக எடுத்து வந்து சேர்த்துவிட்டார்.

அடுத்த மாதம் சாருக்குப் பழைய மாணவர்கள் பாராட்டு விழா எடுக்கிறார்கள். நோட்டீஸ் என் கடைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. பாரதத்தைப் பிள்ளைகளின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியவர் என்று போட்டிருக்கிறது.

சாரே, இனி உம்மோடுதான் பேச்சு. நான் அந்த விழாவுக்கு வருகிறேன். சண்டை போட வரவில்லை. லீலாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், முன் வரிசையில் உட்கார வைக்கிறேன். மாலை போடட்டும், பொன்னாடை போர்த்தட்டும், நான் குறுக்கே வரமாட்டேன். நீர் பேச எழுந்திருக்கும்போது அவள் எழுந்திருப்பாள். என்னிடம் கேட்டதையே உம்மிடம் கேட்பாள். தனியாகக் கூப்பிட்டு அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டாம், அதை நான் கேட்டாயிற்று. மேடையில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, சேட்டின் பெயரையும் அவர் பெண்ணின் பெயரையும் சொல்லி, உம்முடைய கையில் வாங்கின மணலை என்ன செய்தீர் என்பதையும் சொல்லி, அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லும்.

அவர்கள் சிரிக்கமாட்டார்கள் என்று யார் கண்டது, சாரே?